மூன்று தரம்!

"ஒரு தரம்... இரண்டு தரம்... மூன்று தரம்!"

இந்தக் குரலைக் கேட்டிராதவர் முத்துப்பேட்டை வட்டாரத்தில் இருக்க முடியாது. படகு கரை திரும்பியதும் இறாலையும் நண்டையும் குவித்து வைத்துக்கொண்டு கூவுகிற குரல் இது. ஊர்க் குளத்து மீனும், சந்தை வசூலும், கோயில் நிலத்துக் குத்தகையும் இந்தக் குரலில்தான் கை மாறுகின்றன. நடவுச் செலவுக்கு அடகு வைத்த நகையை மீட்க முடியாமல் தவணை தப்பிப் போனால், மனைவியின் கழுத்தில் கிடந்ததற்கும் கடைசியில் இதே குரல்தான் விலை சொல்கிறது.

இன்று நாம் எழுத எடுத்துக்கொண்டிருப்பது வேறோர் ஏலத்தைப் பற்றி. பந்தயக் குதிரை ஏலத்தைப் பற்றி!

"சீமான்கள் குதிரை வாங்கினால் நமக்கென்ன, கழுதை வாங்கினால் நமக்கென்ன?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நமக்குத் தெரிந்த குதிரை கோடியக்கரைக் காட்டில் திரிகிற குதிரை. அதற்கு எசமானனும் இல்லை, விலையும் இல்லை. ஆனாலும் குதிரை ஏலக்காரரின் தொழிலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கும்படி தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நம்முடைய நெல்லும் பருத்தியும் மீனும் ஏன் விலை போவதில்லை என்ற கேள்விக்கு விடை அந்த மேடையில் இருக்கிறது.

குதிரை வாணிபம் தமிழகத்துக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வழியே குதிரைகள் வந்து இறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரசர்கள் அரபுக் குதிரைகளுக்குப் பொன்னை வாரி இறைத்ததையும், பராமரிக்கத் தெரியாமல் அவை ஆண்டுக்காண்டு செத்து மடிந்ததையும் எழுதி வைத்தார். நம் ஊர்களில் வழங்கும் இராவுத்தர் என்ற பெயரிலேயே குதிரையின் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. விற்றவன் கொழுத்தான், வாங்கியவன் பெருமை பேசினான், குதிரை செத்தது. அந்தப் பொன் யார் கொடுத்த வரி? குடியானவன் கொடுத்த வரி!

ஏலக்காரர் செய்வது என்ன?

1766ஆம் ஆண்டு லண்டன் நகரில் ரிச்சர்ட் டாட்டர்சால் என்பவர் குதிரை ஏலக் கூடம் ஒன்றைத் தொடங்கினார். அவர் பெயரில் இன்னமும் நடக்கும் அந்த நிறுவனம் இப்போது நியூமார்க்கெட் நகரில் இருக்கிறது. அங்கே இன்றைக்கும் கினி என்ற பழைய கணக்கில்தான் ஏலம் கேட்கிறார்கள். ஒரு கினி என்பது ஒரு பவுனும் ஒரு ஷில்லிங்கும். பவுன் குதிரைக்காரருக்கு, ஷில்லிங் ஏலக்காரருக்கு என்பது பழைய ஏற்பாடு. நூற்றுக்கு ஐந்து! குதிரை ஜெயித்தாலும் தோற்றாலும் ஏலக்காரரின் ஷில்லிங் தோற்பதில்லை.

அவருடைய வேலை மேடை ஏறுவதற்குப் பல நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. முதலில் பட்டியல். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு பக்கம். அப்பன் யார், ஆத்தாள் யார், பாட்டி யார், அவர்கள் வயிற்றில் பிறந்தவை எந்தப் பந்தயத்தில் ஜெயித்தன என்று வரிசையாக அச்சிடுவார்கள். பெரிய பந்தயத்தில் ஜெயித்த உறவுக்காரக் குதிரையின் பெயர் கொட்டை எழுத்தில் வரும். இன்றைய பந்தயக் குதிரைகள் அனைத்தும் தந்தை வழியில் மூன்றே மூன்று ஆண் குதிரைகளில் போய் முடிகின்றன. அந்த வம்சாவளிப் புத்தகம் இங்கிலாந்தில் 1791ஆம் ஆண்டிலிருந்து எழுதப்பட்டு வருகிறது. நம் நாட்டுச் சாதிக் கணக்கர்கள்கூட வெட்கித் தலைகுனிய வேண்டிய கோத்திரக் கணக்கு!

பிறகு பரிசோதனை. மருத்துவர் காலைப் பார்க்கிறார், மூச்சைப் பார்க்கிறார். கட்டையைக் கடித்துக் காற்றை விழுங்கும் கெட்ட பழக்கம் இருந்தால் விற்பவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாங்கிய பிறகு மூச்சுக் கோளாறு தெரிந்தால் குறித்த கெடுவுக்குள் திருப்பிக் கொடுக்கவும் வழி உண்டு.

அதற்கப்புறம்தான் மேடை. குதிரையை வட்டத்துக்குள் நடத்தி வருகிறார்கள். ஏலக்காரர் பெரிய தொகை ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறார். யாரும் வாய் திறக்காவிட்டால் இறங்குகிறார். ஒருவர் கேட்டதும் ஏறத் தொடங்குகிறார். வாங்க வருகிறவர் எல்லோரும் உரக்கக் கேட்பதில்லை. ஒருவர் தலையை அசைப்பார். ஒருவர் பட்டியலைச் சற்றே உயர்த்துவார். இன்னொருவர் புருவத்தை மட்டும் நெரிப்பார். அத்தனையும் ஏலக்காரரின் கண்ணில் பட வேண்டும். பணக்காரனின் மனத்தில் "இவனிடமா நான் தோற்பது?" என்ற ரோஷத்தைக் கிளறிவிட வேண்டும். ஒரு குதிரைக்குச் சில நிமிடம். அதற்குள் சுத்தியல் விழுந்துவிடும். இது எளிய தொழிலல்ல. கண், காது, நாக்கு, நினைவு நான்கும் ஒரே நொடியில் உழைக்க வேண்டிய தொழில். அந்த உழைப்பை நாம் பழிக்கவில்லை. அந்த உழைப்பு யாருக்காக நடக்கிறது என்பதே நம் கேள்வி.

திரும்பிப் போகும் உரிமை

சுத்தியல் சத்தம் எல்லோருக்கும் கேட்கிறது. ஏலக்காரரின் மடியில் இருக்கும் இரகசியம் யாருக்கும் தெரிவதில்லை. அந்த இரகசியம், குதிரைக்காரர் முன்கூட்டியே அவரிடம் சொல்லி வைத்திருக்கும் குறைந்த அளவு விலை. "இதற்குக் கீழே என் குதிரையைத் தராதே" என்ற கட்டளை அது. கேள்வி அந்த விலையைத் தொடாவிட்டால் சுத்தியல் விழுந்தும் பயனில்லை. குதிரை வந்த வழியே வெளியே நடத்திச் செல்லப்படும். நாளைக்கு இன்னோர் ஏலம் உண்டு. லாயத்தில் கொள்ளு உண்டு, தண்ணீர் உண்டு. குதிரைக்காரருக்கு அவசரமில்லை.

தோழர்களே, கூர்ந்து கவனியுங்கள்! விலையை உயர்த்துவது ஏலக்காரரின் நாக்கு என்று ஊர் நினைக்கிறது. உண்மையில் விலையைத் தாங்கி நிற்பது அந்த லாயம்தான். விற்காமல் திரும்பிப் போக முடிந்தவனுக்கே விலை கேட்கும் வாய் உண்டு. திரும்பிப் போக முடியாதவன் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நம் நாட்டுச் சட்டமும் இந்த ஏற்பாட்டை ஒப்புக்கொள்கிறது. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆவது பிரிவைப் பாருங்கள். சுத்தியல் விழும் வரையில் கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். விற்பவர் குறைந்தபட்ச விலை வைத்துக்கொள்ளலாம். பொய்யாக ஆளை நிறுத்தி விலையை ஏற்றினால் வாங்கியவர் அந்த விற்பனையைத் தள்ளிவிடலாம். வாங்குகிறவரை ஏமாற்றக்கூடாது, மிக நல்லது. ஆனால் வாங்குகிறவர்கள் பத்துப் பேர் கூடிப் பேசி விலையை அமுக்கினால்? அதைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் அதற்குத் தடை இருக்கிறது. இருந்தென்ன? கூட்டு வியாபாரிகள் முன்னால் மூட்டையோடு நிற்கிற விவசாயி, வண்டி வாடகையை நிறுத்தி வைத்துவிட்டு டில்லிக்கு வழக்காடவா போவான்?

விலை வேறு, மதிப்பு வேறு

"விலையைச் சந்தை தீர்மானிக்கட்டும், சந்தைக்குத் தெரியாதது இல்லை" என்று பொருளாதாரப் பண்டிதர்கள் நமக்குப் பாடம் நடத்துகிறார்கள். சந்தையின் அறிவுக்கு மூன்று சாட்சிகளைக் கூப்பிடுவோம்.

1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் கீன்லாந்து ஏலத்தில் ஸ்நாஃபி டான்சர் என்ற குதிரைக்குட்டி 1 கோடியே 2 லட்சம் டாலருக்குப் போனது. விலை காட்டும் பலகையில் ஏழு இலக்கத்துக்குத்தான் இடம் இருந்தது. எட்டாவது இலக்கத்தை எழுத இடமில்லை! அந்தக் குதிரை ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை. 2006ஆம் ஆண்டு புளோரிடாவில் கிரீன் மங்கி என்ற இரண்டு வயதுக் குதிரை 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மூன்று முறை ஓடியது, ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. சம்பாதித்தது 10,440 டாலர். 1975ஆம் ஆண்டு வெறும் 17,500 டாலருக்கு விலை போன சியாட்டில் ஸ்லூ என்ற குதிரையோ, 1977இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்றது.

இதுதான் சந்தையின் ஞானம்! கோடியைக் கொட்டி ஏமாந்தவர் யாரும் பட்டினி கிடக்கவில்லை. அடுத்த ஆண்டு அதே ஏலத்துக்கு வந்து மறுபடியும் பட்டியலைப் புரட்டினார்கள். நம் ஊரில் ஒரு போகம் விலை தவறினால் பிள்ளையின் படிப்பு நிற்கிறது. பெண்ணின் கல்யாணம் தள்ளிப் போகிறது. குடும்பம் திருப்பூருக்கு வண்டி ஏறுகிறது.

குதிரைக்கும் மதிப்பு உண்டு, நாம் மறுக்கவில்லை. அறுவடை வயலில் பாம்பு தீண்டிய கூலித் தோழருக்கு மருத்துவமனையில் ஏற்றுகிறார்களே விஷமுறிவு மருந்து, அது எங்கிருந்து வருகிறது? நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் ஊறும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்து எடுக்கிறார்கள். விஷம் எடுத்துக் கொடுப்பவர்களில் முதலிடம் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு. 1978இல் தொடங்கிய சங்கம் அது. நம் உயிரைக் காக்கும் குதிரைக்குக் கொட்டை எழுத்தும் இல்லை, கோடி விலையும் இல்லை. நாட்டுக்குச் சோறு போடுகிற உழவனின் கதையும் இதேதான்.

நம் ஊர் ஏலங்கள்

இப்போது நம் கரைக்கு வருவோம். மீனவத் தோழர் இரவெல்லாம் தண்ணீரில் கிடந்து மீனைக் கொண்டுவந்து கொட்டுகிறார். ஏலம் கூறுகிறவர் யார்? பல கரைகளில், வலைக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் கொடுத்தவரே ஏலமும் கூறுகிறார், தரகும் எடுத்துக்கொள்கிறார். கடன் தீரும் வரை வேறு ஆளிடம் மீனைக் கொடுக்க முடியாது. விலை பிடிக்கவில்லை என்று மீனவர் மீனைத் திருப்பி எடுத்துப் போக முடியுமா? ஐஸ் எங்கே? அறை எங்கே? வெயில் ஏற ஏற மீன் கெடுகிறது; விலை இறங்குகிறது. இங்கே சுத்தியலைப் பிடித்திருப்பது வெயில்!

பருத்திக்கு வருவோம். திருவாரூர் மாவட்டத்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பருத்தி மறைமுக ஏலத்தில் விற்கப்படுகிறது. வியாபாரிகள் குவியலைப் பார்த்துவிட்டுச் சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள்; அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு. வெளிப்படையாகக் கேட்டால் கூடிப் பேசி அமுக்குவார்கள் என்பதால் வந்த முறை இது. நோக்கம் நல்லதுதான். ஆனால் பெட்டிக்கு வெளியே, டீக்கடையில் நடக்கும் பேச்சைப் பெட்டி தடுக்குமா? விலை பிடிக்காவிட்டால் விற்க மறுக்கும் உரிமை விவசாயிக்கு ஏட்டில் இருக்கிறது. ஏட்டில்தான் இருக்கிறது! கொண்டுவந்த வண்டிக்கு வாடகை, எடுத்த கூலிக்குப் பாக்கி, வாசலில் வட்டிக்காரர், தலைக்கு மேலே மேகம். இத்தனையும் முதுகில் சுமந்துகொண்டு அவன் எந்த லாயத்துக்குப் பருத்தியைத் திருப்பி ஓட்டிச் செல்வான்?

நெல்லுக்கு ஒரு லாயம் கட்டினோம். அதன் பெயர் நேரடி நெல் கொள்முதல் நிலையம். 1972இல் தொடங்கிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் பெயரில் நடப்பது. 2025-26 பருவத்துக்கு டில்லி அறிவித்த விலை, மாநிலம் கொடுத்த ஊக்கத்தொகை இரண்டும் சேர்ந்து குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். "இதற்குக் கீழே தராதே" என்று சர்க்கார் உழவனுக்காகச் சொல்லி வைத்த விலை இது. வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்டால் "போய்யா, சர்க்கார் எடுக்கும்" என்று சொல்லும் துணிச்சலைக் காவிரிப் படுகை விவசாயிக்குக் கொடுத்தது இந்த நிலையம்தான். அதனால்தான் அதன் ஓட்டைகளை நாம் பொறுக்க முடியாது.

ஓட்டைகள் என்ன? ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. குறுவை அறுப்பதோ மழை தொடங்கும் நேரத்தில்! ஒவ்வொரு தடவையும் விதியைத் தளர்த்தச் சொல்லி டில்லிக்கு எழுத வேண்டும். டில்லியிலிருந்து குழு வர வேண்டும். நெல்லை அள்ளி மாதிரி எடுக்க வேண்டும். 2025 அக்டோபரில் படுகை மாவட்டங்களில் குவித்து வைத்த நெல் மழையில் நனைந்து முளைவிட்டது. 22 சதவீதம் வரை அனுமதி கேட்டு மாநில சர்க்கார் எழுதியது. குழுக்கள் வந்து பார்த்தன. கடிதம் போய்க் குழு வருவதற்குள் முளை விடாமல் இருக்க நெல்லுக்குத் தெரியுமா? சாக்கு இல்லை, லாரி இல்லை, கிடங்கில் இடமில்லை என்று நாட்கணக்கில் சாலையோரம் காத்துக் கிடப்பது ஒரு கொடுமை. 40 கிலோ மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுவதாக ஆண்டுதோறும் எழும் புகார் இன்னொரு கொடுமை. டில்லியின் குற்றத்தை டில்லியிடம் சொல்வோம். சென்னையின் குற்றத்தைச் சென்னையிடம் சொல்வோம். நம் ஊர் எடைமேடையில் நடக்கும் குற்றத்துக்கு நாமும் பொறுப்பு என்பதை மறந்துவிட மாட்டோம்.

ஏலமே இல்லாத நிலம்

சீமான்கள் ஏலத்தை எப்போது விரும்புகிறார்கள், எப்போது விரும்புவதில்லை என்பதற்குக் கிண்டியே சாட்சி. 1945இல் வெள்ளைக்கார சர்க்கார் கிண்டியில் 160 ஏக்கர் 86 சென்ட் நிலத்தைக் குதிரைப் பந்தய கிளப்புக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. 1946 ஏப்ரல் முதல் 99 ஆண்டுக்கு! வாடகை ஆண்டுக்கு 614 ரூபாய் 13 அணா. ஏக்கருக்கு நான்கு ரூபாய்கூட இல்லை. இந்த நிலத்துக்கு யாராவது மூன்று தரம் கூறினார்களா? நம் ஊரில் கோயில் நிலம் ஒரு மா குத்தகைக்கு வேண்டுமானால் ஏலத்தில் நின்று கேட்க வேண்டும்.

1970க்குப் பிறகு வாடகையை உயர்த்தியபோது கிளப் மறுத்தது. 2023 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் பாக்கியாக 730 கோடியே 86 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் சர்க்கார் குத்தகையை ரத்து செய்து நிலத்தைக் கையில் எடுத்தது. அதன் பிறகும் வழக்குகள் தொடர்ந்தன. குத்தகைப் பாக்கி வைத்த உழவனை வெளியேற்ற 1955ஆம் ஆண்டுச் சாகுபடியாளர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. உழவனுக்குச் சில மாதம்; கிளப்புக்கு ஐம்பது ஆண்டு!

1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழகச் சட்டமன்றம் சட்டம் செய்தது. 1996 ஜனவரியில் உச்சநீதிமன்றம், குதிரைப் பந்தயம் சூதாட்டமல்ல, திறமை சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்புக்குத் தலைவணங்குவோம். குதிரை ஓட்டுவது திறமை என்றே வைத்துக்கொள்வோம். மேட்டூர் எப்போது திறக்கும் என்று தெரியாது. கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்று தெரியாது. 2018 நவம்பர் 16 போல ஒரே இரவில் புயல் வந்து தென்னையை வேரோடு சாய்க்குமா என்று தெரியாது. இத்தனைக்கும் நடுவில் விதை போட்டு நெல் எடுப்பது திறமையில்லையா? அதை மட்டும் ஏன் சூதாட்டமாக வைத்திருக்கிறார்கள்?

செய்ய வேண்டியது

குதிரைக்காரருக்கு இருக்கும் உரிமைதான் நமக்கும் வேண்டும்; அதற்கு மேல் ஒரு பைசா கேட்கவில்லை. குறைந்தபட்ச விலையைச் சட்டமாக்கு என்கிறோம். டில்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் வெயிலிலும் பனியிலும் உட்கார்ந்து, 2021 நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களையும் திரும்பப் பெற வைத்த விவசாயிகள் கேட்டதும் இதைத்தான். ஒவ்வொரு கொள்முதல் நிலையத்துக்கும் கூரையும், உலர்த்தும் இயந்திரமும், காங்கிரீட் களமும் வேண்டும். மீன் இறங்கும் ஒவ்வொரு கரையிலும் ஐஸ் அறையும், முன்பணத் தளையை அறுக்கக் கூட்டுறவுக் கடனும் வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்பதும் தகாது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் கிடங்கில் விளைபொருளை வைத்துவிட்டு, அதன் பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கி, விலை வரும் வரை பொறுத்திருக்க வழி இருக்கிறது. எத்தனை ஊரில் இது தெரியும்? கிளைத் தோழர்கள் இதைத் தெருத் தெருவாகச் சொல்ல வேண்டும். கொள்முதல் நாளில் எடைமேடைக்குப் பக்கத்தில் இரண்டு தோழர்கள் நின்றால் போதும். கை நீட்டுகிறவரின் கை தானாக மடங்கும். பருத்தி ஏல நாளில் பெட்டி திறக்கும்போது, எழுதப்பட்ட எல்லா விலையையும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். இவை சிறிய காரியங்கள். ஆனால் விற்கிறவன் தனியாக இல்லை என்று வாங்குகிறவனுக்குத் தெரிந்தால் போதும், விலை அங்கேயே ஒரு படி ஏறும்.

ஒரு தரம் கேட்டோம், நனைந்த நெல்லோடு சாலையோரத்தில். இரண்டு தரம் கேட்டோம், டில்லி எல்லையில். மூன்றாவது தரம் கேட்கும்போது நம் மூட்டையைத் திருப்பி எடுத்துப் போகக் கிடங்கும், காத்திருக்கச் சங்கமும் நம்மிடம் இருக்க வேண்டும். அன்றைக்கு விலை சொல்கிறவர்கள் நாம்தான்.